காவலுக்கு ஆள் போட்டோம்; உத்தரவு போட்டோமா?



நம் கடைத்தெருவில் இரவுக் காவலுக்கு ஒரு கூர்க்கா இருக்கிறார். கடைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வசூலித்துச் சம்பளம் கொடுக்கிறோம். அவரும் விசில் ஊதி, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு நாலு சுற்று வருகிறார். எல்லாம் சரி. நள்ளிரவில் ஒரு வேன் வந்து நின்று, "முதலாளி சரக்கு எடுத்துவரச் சொன்னார்" என்று ஒருவன் ஷட்டரில் கை வைத்தால் கூர்க்கா என்ன செய்ய வேண்டும்? தடுக்க வேண்டுமா, நமக்குப் போன் போட வேண்டுமா, சலாம் வைத்து வழிவிட வேண்டுமா? நம்மில் எத்தனை பேர் இதை அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்? ஆள் போட்டாயிற்று, நம் வேலை முடிந்தது என்று பூட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

ஈமெயில் விஷயத்திலும் நாம் செய்திருப்பது இதுவேதான். கடையின் பெயரில் மெயில் முகவரி வைத்திருக்கும் உறுப்பினர்களிடம், "உங்கள் மெயில் சர்வரில் வைரஸ் பாதுகாப்பு இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது, வருடா வருடம் பணம் கட்டுகிறோமே" என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு எதை நிறுத்தும், எதை விடும், சந்தேகமானதை யாரிடம் காட்டும் என்று கேட்டால் பதில் இல்லை. அது கம்ப்யூட்டர் தம்பிக்குத் தெரியும் என்பார்கள். அந்தத் தம்பியைக் கேட்டால், கம்பெனி அனுப்பியபடி அப்படியே வைத்திருப்பதாகச் சொல்வார்.

தனித்தமிழ் கண்ட மறைமலை அடிகளாரின் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு சர்வர், மெயில் என்று எழுதுகிறாரே என்று சில பெரியவர்கள் கோபிக்கக் கூடும். கடையில் புழங்கும் சொல்லில் எழுதினால்தான் கடைக்காரருக்குப் புரியும் என்பதால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இதை எழுத நமக்கு ஒரு காரணம் உண்டு. நாம் தொழிற்சாலைகளுக்குக் கையுறை, வேஸ்ட் காட்டன், அட்டைப்பெட்டி, ஒட்டும் டேப் முதலான சில்லறைச் சாமான்களை மொத்தமாக சப்ளை செய்து வருகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் கிடங்கு. (வரிக்கும் சாலைக்கும் ஒரே பெயர் வந்தபிறகு, "எந்த ஜி.எஸ்.டி.யில் மாட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்பது இங்கே பழைய நகைச்சுவையாகிவிட்டது.) சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை நம் வண்டி போகும். இந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஆர்டர் வருவது, விலை கேட்பது, பில் அனுப்புவது, பணம் வந்த விவரம் எல்லாமே மெயிலில்தான். வாட்ஸ்ஆப்பில் ஆயிரம் பேசலாம். பர்ச்சேஸ் ஆர்டர் மெயிலில் வந்தால்தான் ஆர்டர்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய நேரம். ஆர்டருக்காக எல்லோரும் காத்துக்கிடந்தோம். நம் கடையில் 9 வருடமாகக் கணக்குப் பார்க்கும் பெண் ஒருவர் இருக்கிறார். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கும் நமக்கும் முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியாகவே ஒரு மெயில் அவருக்கு வந்தது. கீழே நாம் எழுதிய பழைய கடிதமும் அப்படியே இருந்தது. மேலே இரண்டு வரி, கூடவே ஒரு வேர்டு கோப்பு. திறந்தால், 'முழுமையாகப் பார்க்க மேலேயுள்ள மஞ்சள் பட்டையில் உள்ள பொத்தானை அழுத்தவும்' என்று ஒரு செய்தி. அவர் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை போலிருந்தது. வேலையைத் தொடர்ந்தார்.

மறுநாள் மதியம் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து போன். "சார், உங்க மெயிலை யாரும் ஓபன் பண்ண வேண்டாம்னு எங்க ஐ.டி.ல சொல்லிட்டாங்க. உங்ககிட்டேயிருந்து காலையிலேர்ந்து வைரஸா வருது." அதன்பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நாம் விலை கொடுத்தவர்கள், நமக்கு விலை கொடுத்தவர்கள், ஆடிட்டர், லாரி ஆபீஸ் என்று நம் விலாசப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நம் பெயரில் மெயில் போயிருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பழைய கடிதத்துக்குப் பதில் போலவே போயிருந்தது. அந்தத் தொழிற்சாலையின் சர்வர் நம் முகவரியையே தடுத்துவிட்டது. நாம் அனுப்பிய உண்மையான விலைப்புள்ளியும் அதில் நின்றுபோயிற்று. அந்த ஆர்டர் வேறொருவருக்குப் போனது. அவர் மேல் நமக்கு வருத்தமில்லை, நல்ல மனிதர்.

கணக்குப் பார்க்கும் பெண்ணை நாம் நாலு பேர் முன்னால் கடிந்துகொண்டோம். அவர் அழுதார். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் மூன்றாம் நாள் வேறொரு தம்பியை அழைத்துவந்து சர்வரைப் பார்க்கச் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, இதுல ஸ்கேனர் இருக்கு, ஆனா ஆஃப்ல இருக்கே. யார் ஆஃப் பண்ணச் சொன்னது?"

நாம்தான் சொன்னோம். 2016இல் ஒரு டெண்டர் மெயில் ஏதோ காரணத்தால் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. மெயிலை அது பரிசோதிப்பதால்தான் தாமதம் என்று யாரோ சொல்ல, "அதை எடுத்துவிடு" என்று நாமே போனில் சத்தம் போட்டோம். இணையதளம் செய்து கொடுத்தவர் எடுத்துவிட்டார். அதன்பிறகு 4 வருடம் அதை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. பணம் மட்டும் கட்டி வந்தோம். காவல்காரனுக்கு நாம் போட்ட ஒரே உத்தரவு, 'யாரையும் தடுக்காதே' என்பது. பழியைச் சுமந்தவர் அந்தப் பெண்.

வைரஸ் வேறு, புழு வேறு என்று அந்தத் தம்பி விளக்கினார். வைரஸ் ஒரு கோப்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் கோப்பை யாராவது எடுத்துப்போனால் அதுவும் போகும். புழு தானே கிளம்பித் தானே அடுத்த இடத்துக்குப் போகும். எங்கள் தகப்பனார் அரிசி மண்டி வைத்திருந்தார். புது லோடு வந்தால் பழைய மூட்டைகளோடு சேர்த்து அடுக்க விடமாட்டார். தனியே இறக்கி, ஊசி குத்தி நாலு மூட்டையில் அரிசி எடுத்துப் பார்த்த பிறகுதான் அட்டியில் ஏற்றுவார். ஒரு மூட்டையில் வண்டு இருந்தால் மாதத்தில் கிடங்கு முழுக்க வண்டு என்பது அவர் அனுபவம். மெயில் புழுவுக்கு மாதம் தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் 2000ஆம் ஆண்டு மே 4, வியாழக்கிழமை பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு. மறுநாள் நமக்கு வணிகர் தினம். கடையை அடைத்து நாம் மாநாட்டுக்குக் கிளம்புவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மெயில் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது, அமெரிக்க ராணுவத் தலைமையகமும் தன் மெயிலோடு போராடியது. தலைப்பில் 'ஐ லவ் யூ' என்று இருக்கும். கூடவே 'உனக்கொரு காதல் கடிதம்' என்ற பொருளில் ஒரு கோப்பு. அதன் பெயர் 'டி.எக்ஸ்.டி. டாட் வி.பி.எஸ்.' என்று முடியும். கடைசி மூன்று எழுத்தை அன்றைய விண்டோஸ் காட்டாமல் மறைத்துவிட்டதால், பார்ப்பவருக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு நிரல். திறந்த மாத்திரத்தில் விலாசப் புத்தகத்தில் உள்ள அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. போகிற போக்கில் கம்ப்யூட்டரில் இருந்த படங்களையும் அழித்தது. எழுதிய மாணவர் மணிலாவில் கண்டுபிடிக்கப்பட்டார். ஆனால் அந்த நாட்டில் அப்போது அதற்குச் சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. சட்டம் அடுத்த மாதம்தான் வந்தது. நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபர் 17இல்தான்.

நமக்குப் பாடம் அந்தக் காதல் கடிதத்தில் இல்லை, அடுத்து நடந்ததில் இருக்கிறது. சர்வர் பொறுப்பாளர்கள் பலர் அவசர அவசரமாக 'ஐ லவ் யூ' என்ற தலைப்புள்ள மெயிலை நிறுத்து என்று உத்தரவு போட்டார்கள். புழுவைக் கையில் வைத்திருந்த வேறு சிலர் தலைப்பை மாற்றினார்கள், அவ்வளவுதான். ஒன்று 'ஜோக்' என்று வந்தது. இன்னொன்று அன்னையர் தின ஆர்டர் உறுதிச் செய்தி என்று வந்தது. வைர நகைக்காக உங்கள் கிரெடிட் கார்டில் 326 டாலர் 92 சென்ட் எடுத்திருக்கிறோம், விவரமான பில் இணைப்பில் காண்க என்று எழுதியிருந்தது. வாங்காத நகைக்குப் பணம் போயிற்றே என்று பதறி எவர் திறக்கமாட்டார்? காதல் கடிதத்தைச் சந்தேகிக்கும் வணிகன்கூட பில்லைச் சந்தேகிப்பதில்லை. இன்றுவரை புழுக்களுக்குப் பிடித்த வேஷம் பில்தான்.

ஆகவே முதல் உத்தரவு, ஆளின் முகத்தைப் பார்க்காதே, மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார் என்பதாக இருக்க வேண்டும். தலைப்பையும் கோப்பின் பெயரையும் வைத்துத் தடுத்தால் நாளைக்கு வேறு பெயரில் வரும். கோப்பின் ரகத்தைப் பார்த்துத் தடுக்க வேண்டும். இதற்கு நாம் செய்த வேலை மிக எளியது. ஒரு மாத காலம் நம் கடைக்கு மெயிலில் வந்த இணைப்புகள் என்னென்ன ரகம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். பி.டி.எஃப்., எக்செல், போட்டோ. எப்போதாவது ஜிப். ஆடிட்டரிடமிருந்து ஜி.எஸ்.டி.க்கான ஜேசான் கோப்பு. அவ்வளவே. நம் வியாபாரத்துக்கு நிரல் கோப்பு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. எக்ஸ்.இ., எஸ்.சி.ஆர்., வி.பி.எஸ்., ஜே.எஸ். என்று முடியும் எதையும், ஐ.எஸ்.ஓ., எல்.என்.கே. போன்றவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடச் சொன்னோம். மேக்ரோ உள்ள வேர்டு, எக்செல் கோப்புகளைத் தனியே நிறுத்திவைக்கச் சொன்னோம். தடுக்க வேண்டியவற்றின் பட்டியல் நாளுக்கு நாள் நீளும். நமக்கு வேண்டியவற்றின் பட்டியல் ஐந்தாறோடு முடிந்துவிடும். எது சுலபம் என்று வியாபாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதிலும் ஒரு கூத்து நடந்தது. ஜே.எஸ். என்று தொடங்கும் எல்லாவற்றையும் தடு என்று அந்தத் தம்பி எழுதிவிட்டார். ஜே.எஸ். என்பது நிரல். ஜேசான் என்பது வெறும் விவரக் கோப்பு, ஆனால் ஆங்கிலத்தில் அதன் எழுத்தும் ஜே.எஸ். என்றுதான் தொடங்கும். விளைவு, அடுத்த மாதம் 10ஆம் தேதி ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த கோப்பு நின்றுபோயிற்று. மறுநாள் 11, ரிட்டர்ன் போடக் கடைசி நாள். "அண்ணாச்சி, நாலு தடவை அனுப்பிட்டோம், பார்க்கவே இல்லையா?" என்று அங்கிருந்து ஒரே சத்தம். நல்லவேளை, தடுத்ததை அழிக்காதே, தனியே நிறுத்தி வை என்று சொல்லியிருந்தோம். எடுத்துக்கொடுத்தோம், உத்தரவையும் திருத்தினோம். 2016இல் ஒரு தாமதத்துக்காக ஸ்கேனரையே எடுக்கச் சொன்ன ஆள் இந்தத் தடவை நிதானமாக இருந்ததில் நமக்கே கொஞ்சம் பெருமை.

ஜிப் கோப்பு மூட்டை கட்டிய சரக்கு. பிரித்து உள்ளே பார்க்கச் சொல்ல வேண்டும். மூட்டைக்குள் மூட்டை இருந்தாலும் பிரிக்க வேண்டும். பூட்டு போட்ட மூட்டை வந்தால்? 2004இல் 'பேகிள்' என்ற புழு இந்தத் தந்திரத்தைத்தான் செய்தது. ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பியது. மனிதன் படித்துத் திறந்துவிடுவான், ஸ்கேனரால் திறக்க முடியாது. சில மென்பொருள்கள், தன்னால் திறக்க முடியாததை 'குற்றம் ஒன்றும் காணப்படவில்லை' என்று உள்ளே விட்டுவிட்டன. இன்றும் பல இடங்களில் வாங்கியபடியே வைத்தால் அப்படித்தான் நடக்கிறது. பார்க்க முடியாததும் சுத்தமானதும் ஒன்றல்ல என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். அளவிலும் இதே சங்கதி. காசில்லாமல் கிடைக்கும் 'கிளாம் ஏ.வி.' என்ற நல்ல ஸ்கேனரை நம் ஊர்ப் பக்கம் நிறைய சர்வர்களில் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு அளவு வரம்பு உண்டு. அதைத் தாண்டிய கோப்பைப் பரிசோதிக்காமலே விட்டுவிடும், எச்சரிக்கவும் செய்யாது. எச்சரிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினால் எச்சரிக்கும்.

இன்னொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வணிகனின் நாணயம் இருக்கிறது. புழு பிடித்த மெயில் வந்தால், அனுப்பியவருக்கு 'நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்' என்று தானாகவே பதில் போடும் வசதி பழைய மென்பொருள்களில் இருந்தது. கேட்க நல்ல வசதிதான். ஆனால் 2002 வாக்கில் பரவிய 'கிளெஸ்', 2003 ஆகஸ்டில் பெரிதாகப் பரவிய 'சோபிக்', 2004 ஜனவரியில் வந்த 'மைடூம்' இவையெல்லாம் அனுப்புநர் பெயரைத் திருடிப் போட்டுக்கொண்டு போயின. நோய் ஒருவர் கம்ப்யூட்டரில், பெயர் இன்னொருவருடையது. மைடூம் நாட்களில் நமக்கு முகமறியாதவர்களிடமிருந்தெல்லாம் 'நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்' என்று மெயில் குவிந்தது. நம் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. கோவையில் இருந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் அந்தத் தானியங்கிப் பதிலை நம்பி, "உங்களோடு மெயிலே வேண்டாம், பேக்ஸ் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார். செய்யாத குற்றத்துக்கு நம்மைக் குற்றவாளியாக்கியது புழு அல்ல, புழுவைப் பிடித்த மென்பொருள். அந்தத் தானியங்கிப் பதில் உங்கள் சர்வரில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டுமானால் போன் செய்து சொல்லுங்கள்.

நம் பெயரை வேறொருவர் போட்டு அனுப்பாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். இன்ன சர்வரிலிருந்து வந்தால்தான் நம் கடிதம், இன்ன முத்திரை இருந்தால்தான் நம் கடிதம், இல்லையென்றால் இப்படிச் செய் என்று ஊருக்கு அறிவித்து வைப்பது. ஒருமுறை செய்துவிட்டால் போதும். தெரிந்தவருக்கு அரைநாள் வேலை.

உள்ளே வருவதை எல்லோரும் பார்க்கிறோம், வெளியே போவதை யாரும் பார்ப்பதில்லை. நம் கடையிலிருந்து ஒரு நாளைக்கு 40, 50 மெயில் போகும். அந்த செப்டம்பர் நாளில் காலை ஒரு மணி நேரத்திலேயே பல நூறு போயிருக்கிறது. கடையில் ஒருவருக்கும் தெரியாது. கிடங்கிலிருந்து தினம் இரண்டு வண்டி போகிற இடத்தில் ஒரே காலையில் இருபது வண்டி போனால் வாட்ச்மேன் நமக்குச் சொல்லமாட்டாரா? அதே உத்தரவைச் சர்வருக்கும் போடலாம். மணிக்கு இத்தனைக்கு மேல் போனால் நிறுத்து, நம் செல்போனுக்குத் தகவல் அனுப்பு. புதிய புழுவின் அடையாளம் எந்த ஸ்கேனருக்கும் முதல் நாள் தெரியாது. ஆனால் புழு என்றால் பரவியே ஆக வேண்டும், அந்த அவசரமே அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஒரு உத்தரவு அன்று இருந்திருந்தால் நம் பெயரில் இருபது மெயிலோடு நின்றிருக்கும்.

நமக்கு வந்தது 'எமோடெட்' ரகம் என்று அந்தத் தம்பி சொன்னார். 2014 முதல் உலகெங்கும் திரிந்த அதன் சர்வர்களை 2021 ஜனவரியில் எட்டு நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து கைப்பற்றினார்கள். அந்த நவம்பரிலேயே அது மறுபடி தலைதூக்கியது. 2022இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. அந்த மஞ்சள் பட்டைத் தந்திரம் பெரிதும் செல்லாமல் போயிற்று. உடனே அவர்கள் வேறு ரகக் கோப்புக்கு மாறினார்கள். ஆகவே உத்தரவை ஒருமுறை எழுதிப் பூட்டி வைத்தால் போதாது.

"இதெல்லாம் பெரிய கம்பெனிகளின் கவலை, நமக்கென்ன" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரிய கம்பெனிக்கு வந்தால் நமக்கு வராதா? 2017 மே 12, வெள்ளிக்கிழமை 'வான்னாக்ரை' என்ற புழு உலகைப் பிடித்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. ஒரகடத்தில் அப்போது ரெனோ, நிஸ்ஸான் இரண்டும் கூட்டாக நடத்திவந்த கார் தொழிற்சாலையும் அதில் பாதிக்கப்பட்டது என்று செய்தித்தாள்களில் படித்தோம். நம் கிடங்கிலிருந்து வண்டியில் அரை மணிப் பயணம். ஒரு தொழிற்சாலை நின்றால் கையுறை முதல் கேன்டீன் டீத்தூள் வரை எல்லாமே நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்றபோது கடைத்தெரு எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் நாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வான்னாக்ரை பரவியது மெயிலில் அல்ல. அந்த வாரம் எல்லோரும் 'தெரியாத மெயிலைத் திறக்காதீர்' என்று எச்சரித்தார்கள். அதுவோ விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் திறக்காமலே, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குப் போயிற்று. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். மெயில் வாசலில் எவ்வளவு நல்ல காவல் போட்டாலும் பின்கட்டுச் சுவர் இடிந்து கிடந்தால் பயனில்லை. எனவே விண்டோஸ் அப்டேட் வரும்போது 'பிறகு' என்று தள்ளிப்போடும் பழக்கத்தையும் விடவேண்டும். பில் போடும் நேரத்தில்தான் அது வருகிறது என்பது உண்மை. இரவில் ஓடும்படி வைத்துக்கொள்ளலாம்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையில் பாதி இல்லை. நிரல் கோப்புகளை அது ஏற்பதே இல்லை. 2017 பிப்ரவரி முதல் ஜே.எஸ். கோப்புகளையும் நிறுத்திவிட்டது. பக்கத்து வல்லாஞ்சேரியில் இருக்கும் ஸோஹோ நிறுவனமும் கடைப் பெயரிலேயே மெயில் தருகிறது, காவலையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நாம் சொல்வது நடுவில் இருப்பவர்களைப் பற்றி. இணையதளம் செய்து கொடுத்தவர், 'கூடவே உங்கள் கடைப் பெயரில் பத்து மெயில் இலவசம்' என்று கொடுத்தாரே, அந்த மெயிலை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கில் வியாபாரம் செய்பவர்கள். நம் உறுப்பினர்களில் இவர்கள் குறைவில்லை. அந்த சர்வர்களில் ஸ்கேனர் இருக்கும், அதை இயக்க வேண்டும். தெருவில் குழாய் வந்துவிட்டது, வீட்டு இணைப்பைத் திறக்காமல் தண்ணீர் இல்லை என்பது போல.

சரி, ஸ்கேனர் வேலை செய்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்? தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் எந்த அதிகாரியும் முத்திரை குத்துவதில்லை. இதற்கும் ஒரு எடைக்கல் இருக்கிறது. 'ஐகார்' என்று பெயர். 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் உலகில் உள்ள ஸ்கேனர்களெல்லாம் அதைப் புழு போலவே பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அதை ஒரு கோப்பில் வைத்து வெளியிலிருந்து உங்கள் கடை மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்தால் உங்கள் காவல்காரர் தூங்குகிறார். ஜிப்புக்குள் வைத்தும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். நாம் மாதம் முதல் தேதி செய்கிறோம், ஐந்து நிமிடம் ஆகிறது.

நம் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. உறுப்பினர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறோம். அது வேர்டு கோப்பாகப் போகிறது. ஒரு மாதம் செயலாளர் முகவரியிலிருந்து, அடுத்த மாதம் பொருளாளர் மகன் முகவரியிலிருந்து. 'இணைப்பைத் திறந்து பார்க்கவும்' என்பதைத் தவிர கடிதத்தில் ஒன்றும் இருப்பதில்லை. புழு எழுதும் கடிதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பைத் திறக்கும் பழக்கத்தை உறுப்பினர்களுக்கு நாமே ஊட்டிக்கொண்டிருக்கிறோம். சுற்றறிக்கையைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம். ஒரே முகவரியிலிருந்து அனுப்பலாம். செலவு ஒரு பைசா இல்லை.

அடுத்த செயற்குழுவில் நாம் ஒரு யோசனை வைக்க இருக்கிறோம். கூர்க்காவுக்குச் சேர்ந்து சம்பளம் கொடுப்பதுபோல, விஷயம் தெரிந்த ஒருவரைச் சங்கம் சார்பில் அமர்த்தி, உறுப்பினர்களின் கடை மெயில்களுக்கு இந்த உத்தரவுகளை எழுதித் தரச் செய்வது. மாதம் ஒருமுறை சோதித்து ஒரு தாளில் எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் கையில் சாவியைக் கொடுப்பதா என்று சிலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். பாஸ்வேர்டு கடைக்காரரிடமே இருக்கட்டும், அவர் வந்து உடன் அமர்ந்து செய்துவிட்டுப் போகட்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் போட்ட உத்தரவின்படி, இம்மாதிரிச் சம்பவங்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வரின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இதைத் தனித்தனியே ஒவ்வொரு கடைக்காரரும் செய்வது நடக்கிற காரியமில்லை. புழு வந்த அன்று யாருக்குப் போன் செய்வது என்றாவது ஒவ்வொரு கல்லாவிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பணமே போய்விட்டால் 1930 என்ற எண் இருக்கிறது, தாமதிக்காமல் கூப்பிட வேண்டும்.

நம் கடையில் நிறுத்திவைக்கப்படும் மெயில்களைக் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பார்ப்பவர் அதே கணக்குப் பெண்தான். எதை விடுவது, எதை அழிப்பது என்ற முடிவு அவருடையது, நாம் தலையிடுவதில்லை. சந்தேகம் வந்தால் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுவார். மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, நம் டைரியில் இருக்கும் எண்ணுக்கு. சென்ற மாதம் அப்படி நின்ற ஒன்று, பாஸ்வேர்டு போட்ட ஜிப். அனுப்பியவர் நம் பழைய அட்டைப்பெட்டி சப்ளையர். கேட்டால், "ஆமாம்மா, நான்தான் அனுப்பினேன், புது விலைப்பட்டியல்" என்றாராம். விடுவித்துப் பார்த்தோம். பெட்டிக்கு விலை ஏற்றியிருக்கிறார்.